மூச்சு லேசாக வந்த நாட்கள்

என் இடது நுரையீரலைக் காற்றால் அமுக்கி வைத்திருந்த காலத்தில்தான் தென்காசிப் பக்கம் பேதி, அதாவது காலரா, வந்தது. இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் எழுத அதிகம் இராது. ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுந்ததால் எனக்கு நடந்ததை, இந்த நோயோடு இருக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும்.

என் பெயர் முத்தையா. எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. நாடகக் கம்பெனியில் படுதா இழுத்திருக்கிறேன். புனலூர்ப் பக்கம் ரப்பர்ப் பால் எடுத்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரி போட்டு ஓட்டினார்களே, அதில் கரி அள்ளிப் போடும் கிளீனராகவும் இருந்தேன். அந்தப் புகையை விட்டு ஓடிவந்துதான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

சாரல் காலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் பாறைகளின் மேல் ஆட்களை உட்கார வைத்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, தட்டி, உருவி அருவிக்கு அனுப்புவோம். என் பக்கத்துப் பாறையில் தொழில் செய்தவன் எசக்கி. இரண்டாவது வருஷம் என் கைக்கு நல்ல பெயர் வந்தது. வேறு யார் கையிலும் இல்லாத சூடு என் கையில் இருப்பதாகச் சொன்னார்கள். திருநெல்வேலி வக்கீல் ஒருவர், “இவன் கை பட்டால் எண்ணெய் எலும்பு வரைக்கும் இறங்குகிறது” என்று தன் சம்பந்தியையும் மைத்துனரையும் கூட்டி வந்தார். மத்தியானத்துக்கு மேல் இன்னும் நன்றாகச் சுடும் என்று தெரிந்துகொண்டு சிலர் பொழுது சாய்ந்த பிறகே வருவார்கள்.

“ஏலே, கையை அடுப்புக்குள்ள வச்சிட்டா வாரே?” என்று எசக்கி கேட்பான். “எனக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடேன்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. அது காய்ச்சல் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இருமல் இருந்தது; சாரலில் நிற்கிற எல்லாரும்தான் இருமுகிறார்கள். இளைத்தேன், அது வேலைக் களைப்பு என்று வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை அருவிக்கு அடியில் நின்று காறித் துப்பினேன். சிவப்பாக ஏதோ விழுந்தது. இன்னொரு முறை பார்ப்பதற்குள் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. கரையேறி வந்து மறுபடியும் இருமினேன். இந்த முறை பாறையில் விழுந்தது. எசக்கி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“வெத்தல போட்டியாலே?”

“இல்ல.”

“அப்ப நட.”

ஈர வேட்டியோடு என்னைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அன்று அவனுக்கு வந்த ஆட்களை அடுத்த பாறைக்காரன் எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். என் முதுகில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார், தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல. காலையில் வருகிற கோழையை வாயகன்ற குப்பியில் பிடித்துவரச் சொன்னார். கோழையைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயத்தில் தோய்த்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். பார்த்தபின் என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நீலத்தின் நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் கீறல்கள்.

“இதுவா?”

“இதுதான். காசநோய்.”

அதற்குப் பிறகு அவர் பேசியது சற்று நேரம் என் காதில் ஏறவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பெயர் கேட்டவன் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் நினைப்பு. எனக்கு விரிக்க வீடும் இல்லை.

திருநெல்வேலிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் செய்தார்கள். இடது பக்கம் மேலே ஒரு குழி, வலது பக்கம் சுத்தம். “ஒரு பக்கம் மட்டும் என்பது உன் அதிர்ஷ்டம்” என்றார் டாக்டர். வைத்தியத்தையும் விளக்கினார். இந்த நோய்க்கு நேராகக் கொல்கிற மருந்து கிடையாது. (இப்போது ஏதோ புது ஊசி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள், அப்போது இல்லை.) புண்ணான நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் அது தானே ஆறப் பார்க்கும். ஆனால் மூச்சு விடுகிறவரை அதற்கு ஓய்வு ஏது? அதனால் விலாவுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் ஊசியால் காற்றை ஏற்றுவார்கள். காற்று சேரச் சேர நுரையீரல் பிழிந்த துணிபோல் சுருங்கி, அசையாமல் கிடக்கும். மூச்சு வலது பக்கத்தில் மட்டும் ஓடும்.

ஆனால் உடம்பு அந்தக் காற்றைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்துவிடும். அதனால் பத்து நாளைக்கு ஒருமுறை புதுக் காற்று ஏற்ற வேண்டும், இரண்டு மூன்று வருஷம்.

“விட்டுவிட்டால்?” என்று கேட்டேன்.

“நுரையீரல் விரியும். விரிந்து விலாச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஊசிக்கு இடம் கிடைக்காது. பிறகு என்னிடம் வராதே, நான் செய்ய ஒன்றும் இராது.”

கருவி எளிதானது. இரண்டு பெரிய கண்ணாடிக் குப்பிகள், நடுவே ரப்பர்க் குழாய். ஒன்றில் தண்ணீர். அதை உயர்த்தினால் தண்ணீர் மற்றதற்குள் இறங்கி அங்கிருக்கும் காற்றை ஊசிப் பக்கம் தள்ளும். பக்கத்தில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அதிலும் கொஞ்சம் தண்ணீர். ஊசி சரியான இடத்தில் இருந்தால் நாம் மூச்சு விட விட அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும். ஆடாவிட்டால் காற்றை விடமாட்டார்கள். முதல் தடவை வலி பெரிதில்லை. மூச்சுத்தான் பயமுறுத்திற்று. மார்பின் ஒரு பக்கத்தில் யாரோ ஏறி உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்ததுபோல இருந்தது. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கும்.

“அப்படித்தான் இருக்கும்” என்றார் டாக்டர். “இருக்க வேண்டும்.”

ஆஸ்பத்திரியின் மேற்குத் தாழ்வாரத்தில் எங்களுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். மழைச் சாரல் கால்மாட்டில் அடிக்கும். என் அக்கா பேச்சியம்மாள், இலத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள், சேதி கேட்டு நடந்தே வந்தாள். அதற்கு முன் நாலு வருஷமாக நான் அவளைப் போய்ப் பார்த்ததில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தூக்குச் சட்டியைத் திறந்து ஆட்டுக்கால் சாற்றை ஊற்றிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை கட்டிலின் கயிறு தொய்ந்திருப்பதைப் பற்றியே பேசினாள். ஆஸ்பத்திரியில் செலவு அதிகமில்லை. பாலும் முட்டையும் சாறும்தான் செலவு. அவள் கறவை ஆட்டை விற்றுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆடு நோஞ்சான் என்று அவளே சொன்னாள். அது நோஞ்சான் இல்லை.

ஆடி பிறக்கும் முன்பே பேதி வந்துவிட்டது. முதலில் குற்றாலத்துக்கு வந்த ஒரு கூட்டத்தில் இருவர். பிறகு ஆற்றோரத் தெருக்களில். நாலைந்து நாளில் ஆஸ்பத்திரி வாசலில் கட்டை வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் தாழ்வாரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பேதிக்காரனைக் கிடத்த இடமில்லாதபோது எங்களைக் கட்டிலில் வைத்திருக்க முடியாது, அதில் தப்பில்லை. கம்பவுண்டர் வந்து, “நெஞ்சுக்காரங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க. இங்க இருந்தா அதையும் வாங்கிட்டுப் போவிய” என்றார்.

சுரண்டைக்காரர் ஒருவர், நெசவு செய்கிறவர், அன்றுதான் கோழைக் குப்பியைக் கொண்டுவந்திருந்தார். ஜன்னல் ஓரத்தில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு குப்பிகள், சீட்டு ஒட்டி, பார்ப்பதற்காகக் காத்திருந்தன. பெரிதாக்கிக் காட்டும் கருவியில் இப்போது கிணற்றுத் தண்ணீரையும் பேதிக்காரர்களின் கழிவையும்தான் பார்த்தார்கள். ஒரு தோட்டி வந்து ஜன்னல் குப்பிகளையும் சேர்த்துப் பிளீச்சிங் பவுடர் வாளியில் கவிழ்த்துவிட்டுப் போனான். நெசவுக்காரர் தன் குப்பி கவிழ்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்ப எனக்கு இருக்கா இல்லியா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? பேதி அடங்கியதும் மறுபடியும் வாருங்கள் என்றேன். அவர் வரவில்லை. பிறகு அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். பேதியில் செத்தவர்களோடு அவரை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

டாக்டர் எனக்குக் கடைசியாகக் காற்று ஏற்றி, “பத்தாம் நாள் வா. எது நடந்தாலும் வா” என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அத்தான் சண்முகம் களத்தின் ஓரத்தில் எனக்குத் தனியாக ஓலைக் கொட்டகை போட்டுத் தந்தார். தட்டும் தம்ளரும் தனி. துப்புவதற்குச் சாம்பல் போட்ட தகரக் குவளை. அதைத் தினமும் அக்கா நெருப்பில் கொட்டுவாள். குழந்தைகள் ஒரு கோட்டுக்கு அப்பால் நின்று என்னோடு பேசும். கோட்டை அத்தான் குச்சியால் கிழித்திருந்தார்.

பத்தாம் நாள் போனேன். டாக்டர் இல்லை, குற்றாலத்துப் பேதி முகாமுக்குப் போயிருந்தார். நாலு நாள் கழித்துப் போனேன். வாசலில் போலீஸ்காரர் நின்று, பேதியா, பேதித் தடுப்பு ஊசி போட வந்தவனா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் விசித்திரம். எனக்கு மூச்சு லேசாக வர ஆரம்பித்தது. முதலில் பேசும்போது இடையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பிறகு களத்திலிருந்து கிணற்றுக்கு நிற்காமல் நடந்தேன். ஒருநாள் மூத்த பெண்ணைச் சிரிக்க வைக்க நாடகக் கம்பெனிப் பாட்டு ஒன்றைப் பாடியே காட்டினேன். அக்கா சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அம்மன் கண்ணத் திறந்துட்டா” என்றாள்.

அத்தானும், “இனி அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் என்ன சோலி உனக்கு? அங்க பேதி கெடந்து ஆடுது. மூச்சு நல்லா வருதுல்லா?” என்றார்.

டாக்டர் சொன்னது எனக்கு நினைவில்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சு நிறையக் காற்று வாங்குகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவிக்கும்போது அதைக் கெடுதல் என்று நம்ப மனம் வராது. எனக்கு மட்டும் வேறு மாதிரி நடந்திருக்கலாம், புண் ஆறியிருக்கலாம் என்று நானும் நினைத்தேன். சும்மா இருந்தேன்.

அப்போது பக்கத்து ஊரில் மூன்று பேர் பேதியில் செத்தார்கள். ஊர் கூடி அம்மனுக்கு உடனே கொடைத் திருவிழா நடத்துவது என்று முடிவு செய்து கோயிலில் கால் நாட்டினார்கள். கொடைக்கு முதல் கம்பம் ஊன்றுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கால் நாட்டிவிட்டால் கொடை முடிகிற வரை ஊர்க்காரர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. இது எப்போதும் உள்ள வழக்கம். பேதிக் காலம் என்பதால் இந்த முறை இன்னும் இறுக்கிவிட்டார்கள். எல்லை தாண்டினால், பகலோ இரவோ, கொடை முடியும் வரை திரும்பி வரக் கூடாது. வேப்பிலை கட்டிய கயிறு குளத்துக்கரையில் இழுத்துக் கட்டப்பட்டது.

மறுநாள் சாயங்காலம் அத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோயில் பந்தலுக்குக் கம்பு சுமந்ததில் பிடித்துக்கொண்டதாம்.

“மச்சினா, பழைய தொழில மறந்துட்டியா? லேசா ஒரு கை போடு.”

எண்ணெயைக் கையில் ஊற்றி இடுப்பிலிருந்து மேலே உருவினேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர், “ஆகா, ஆகா” என்றார். “ஏ அப்பா, என்ன சூடு! இதுக்குத்தான் வக்கீல்மாரெல்லாம் தேடி வந்தானுவளா?”

நான் கையை எடுத்துவிட்டேன்.

அக்காவிடம் போய்க் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன், மூச்சு லேசாவது ஏன் என்று. நுரையீரல் விரிகிறது, புண்ணும் சேர்ந்து விரிகிறது, காய்ச்சல் திரும்பிவிட்டது, இன்னும் சில நாளில் ஒட்டிக்கொள்ளும். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தோஷப்பட்டதற்காக அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

ஊர்ப் பெரியவரிடம் அத்தான் என்னைக் கூட்டிப் போனார். அவர் கோயில் வாசலில் பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இவன் தென்காசிக்குப் போய் ஒரு ஊசி போட்டுட்டு வரணும். பொழுது சாயதுக்குள்ள வந்துருவான்.”

“எதுக்கு? நேத்து இவன் பாட்டுப் பாடினது எங்க வீடு வரைக்கும் கேட்டுதே.”

“அதுதான் அண்ணாச்சி வெனை” என்றேன். “மூச்சு வரக் கூடாது. வந்தா ஆபத்து.”

பந்தல்காரர்கள் சிரித்தார்கள். “மூச்சு வரக் கூடாதுன்னு ஊசி போடுத டாக்டர இப்பத்தான்டே கேள்விப்படுதேன்” என்றான் ஒருவன்.

பெரியவர் சிரிக்கவில்லை. “இந்தா பாரு சம்முகம். இவன் போறத நான் தடுக்கல. ஆனா பேதி கெடக்க எடத்துக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன்னா அது முடியாது. ஊர்ல எத்தன பிள்ளைய இருக்கு. உம் பிள்ளைய ரெண்டு இருக்கு. கொடை முடியட்டும், தாராளமா வரட்டும்.”

அவர் பேசியதில் எனக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கொடைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதுவரை படுத்துக்கொள்ளவும் எனக்கு வெளியே இடம் இல்லை.

“எங்கயும் படுத்தவன்தான நான்” என்று அக்காவிடம் சொன்னேன். மறுநாள் காலை குளத்துக்கரைவரை வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நான் போனதும், இந்தப் பக்கமிருந்தே சோற்று மூட்டையையும் அத்தானின் கம்பளியையும் எட்டிக் கொடுத்தாள். “ஓடாத, மெதுவாப் போ” என்றாள்.

தென்காசியில் தெருவுக்குத் தெரு சுண்ணாம்பு. ரயிலடியில் இறங்குகிறவர்களை நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை. டாக்டர் இன்னும் குற்றாலத்தில்தான் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து குற்றாலம் போனேன். உண்மையில் அவ்வளவு உட்கார வேண்டியிருக்கவில்லை. நடக்க முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அடியில் ஓர் ஆள் இல்லை. குளிக்கத் தடை. எங்கள் பாறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு மழையில் வழுக்கிக் கிடந்தது. யாத்திரைக்காரர்கள் தங்கும் ஒரு சத்திரத்தை முகாம் ஆக்கியிருந்தார்கள். வாசலில் சுண்ணாம்பு வாளியோடு எசக்கி நின்றான். தொழில் போனதால் முகாமில் கூலிக்குச் சேர்ந்திருந்தான்.

“ஏலே முத்தையா! உயிரோடயா இருக்கே?”

“அதக் கேக்கத்தான் வந்தேன். டாக்டர் எங்க?”

டாக்டர் உள்ளே இருந்தார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், அவரே நோயாளி மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு, “கடைசியாக எப்போது ஏற்றினோம்?” என்று கேட்டார். சொன்னேன். என் விலாவில் தட்டிப் பார்த்தார்.

“கருவி இங்கேதான் இருக்கிறது. பார்” என்று கை காட்டினார்.

மூலையில் பாயில் ஒரு பெண் கிடந்தாள். அவளுக்கு மேலே, கூரைக் கம்பிலிருந்து கயிறு கட்டி, என் குப்பி தொங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் சிறு உடைசல் உள்ளது. எனக்கு நன்றாகத் தெரியும். அதில் உப்புத் தண்ணீர். என் ரப்பர்க் குழாய் வழியாக அது அவள் கை நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு குப்பி பக்கத்தில் நிரப்பித் தயாராக நின்றது. பேதியில் உடம்பின் தண்ணீரெல்லாம் வெளியேறிவிடும். வாயால் கொடுத்தால் நிற்காது. அதனால் நரம்பில் ஏற்ற வேண்டும் என்று கம்பவுண்டர் சொன்னார். சண்டையால் ரப்பர்க் குழாய் எங்கும் கிடைக்கவில்லை. இருக்கிறதை எல்லாம் கொண்டுவந்துவிட்டார்கள்.

“இது இறங்கி முடியணும். இன்னும் ஒண்ணு ஏத்தணும். அதுக்குப் பொறகு உனக்கு” என்றார் கம்பவுண்டர். “இரி.”

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஆவுடை, பேரருவி வழியில் மங்குஸ்தான் பழம் விற்கிறவள். நான் அவளிடம் பழம் வாங்கியிருக்கிறேன். இப்போது முகம் சுருங்கி, கன்னம் ஒட்டி, யாரோ கிழவி மாதிரி கிடந்தாள். கெண்டைக்கால் இரண்டும் கட்டையாக இறுகி, இழுத்து இழுத்து வெட்டின. அவள் துள்ளும்போதெல்லாம் கை அசைந்து ஊசி நழுவப் பார்த்தது. ஊசி நழுவினால் மறுபடியும் நரம்பு தேட வேண்டும். நரம்பு கிடைப்பதாக இல்லை.

“யாராவது காலைப் பிடிங்கப்பா” என்று கம்பவுண்டர் கத்தினார். எசக்கி வாசலில் வண்டியிலிருந்து ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தான்.

நான் பிடித்தேன். இறுகின கெண்டையைத் திறப்பது எங்களுக்குத் தெரிந்த வேலைதான். குதிகாலை ஒரு கையில் ஏந்தி, பாதத்தை முழங்கால் பக்கமாக வளைத்து, பெருவிரலால் கீழிருந்து மேலாக உருவினால் இறுக்கம் அவிழும். ஒரு காலை அவிழ்த்தால் மறுகால் பிடித்துக்கொண்டது. அப்படி மாறி மாறி உருவினேன். கை சுட்டது. குளிர்ந்துபோயிருந்த அந்தக் காலுக்கு அது நல்லதாகவே இருந்திருக்கும். முதல் குப்பி இறங்கிற்று. இரண்டாவதை மாட்டினார்கள். நான் குப்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்தால் வேகமாக இறங்கப் போவதில்லை.

பாதிக் குப்பி ஆனபோது காலில் சூடு வந்தது. கொஞ்சம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, முகத்தைக் கட்டிய ஒருவன் தன் காலைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

“எவம்லே அது, என் காலப் பிடிக்கது?”

குரல் கீச்சென்று வந்தது, ஆனால் குரல்தான்.

“பேரருவி முத்தையா” என்றான் வாசலிலிருந்து எசக்கி. “வக்கீலுக்கெல்லாம் தேய்ச்ச கை. சும்மா படுத்துக் கெட.”

“துட்டு நான் தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்பவுண்டர் என் கையை ஊதா மருந்துத் தண்ணீரில் முழங்கைவரை கழுவ வைத்தார், இரண்டு தடவை. குப்பிகளையும் குழாயையும் கொதிக்க வைத்தார்கள். ஆறும்வரை டாக்டர் சுவரில் சாய்ந்து தூங்கினார். பிறகு என்னை வலப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து விலாவில் ஊசியைச் செலுத்தினார்.

வளைந்த குழாயில் தண்ணீர் அசையவில்லை.

ஊசியை எடுத்து இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தினார். மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அசையவில்லை. இன்னும் எட்டு நாள் கொட்டகையில் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருந்தால் என்ன என்று நினைத்தேன். சேதி தெரியாமல் எட்டு நாள் இருந்திருக்கலாம்.

மூன்றாவது தடவை அக்குளுக்குக் கீழே, நன்றாகத் தள்ளி. தண்ணீர் ஓர் அரிசியளவு மேலே போயிற்று. இறங்கிற்று. மறுபடியும் போயிற்று.

“அசையாதே, மெதுவாக மூச்சு விடு” என்றார் டாக்டர். குப்பியை அவரே கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். “கீழே கொஞ்சம் ஒட்டிவிட்டது. குழி இருக்கிற மேல் பக்கம் இன்னும் ஒட்டவில்லை. இதை வைத்துப் பார்க்கலாம்.”

காற்று உள்ளே போகப் போக அந்தப் பழைய ஆள் திரும்பி வந்து என் மார்பில் ஏறி உட்கார்ந்தான். பேச வாயெடுத்தேன், இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

கொடை முடியும்வரை சத்திரத்தின் பின்பக்கம் மாட்டுத் தொழுவத்தில் எசக்கியோடு தங்கினேன். டாக்டர் நடுவில் இன்னொரு தடவை காற்று ஏற்றினார். அதன் பிறகு முறை தவறாமல் இரண்டரை வருஷம் ஏற்றிக்கொண்டேன். கோழையில் அந்தச் சிவப்புக் கீறல்கள் இல்லாமல் போயின. ஆவுடை பிழைத்தாள். சொன்னபடியே துட்டுத் தரவில்லை. அதற்கடுத்த வருஷம் சாரலில் அழுகல் பழம் ஒன்றை என்னிடம் தள்ளிவிடப் பார்த்தாள்.

கொடை முடிந்த மறுநாள் ஊருக்குப் போனேன். குளத்துக்கரையில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அக்காவும் அத்தானும் குழந்தைகளும் கரையிலேயே காத்திருந்தார்கள். கரை ஏற்றத்தில் நாலு அடிக்கு ஒருமுறை நின்று, முழங்காலில் கையை ஊன்றி, வாயைப் பிளந்துகொண்டுதான் ஏறினேன். அத்தான் பதறிப்போய் ஓடிவந்தார்.

“என்ன மச்சினா இது? போகையில நல்லா இருந்தியே. இப்பிடி மூச்சு வாங்குதே!”

நான் கையை மட்டும் ஆட்டினேன். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“வாங்கட்டும்” என்றாள். “நல்லா வாங்கட்டும்.”